சோளப் பாம்புக் குட்டிகளுக்கு எவ்வளவு உணவு, எத்தனை நாளுக்கு ஒரு முறை? சீரான வளர்ச்சிக்கான வழிமுறைகள்

முட்டையிலிருந்து வெளிவரும் சோளப் பாம்புக் குட்டியின் எடை பெரும்பாலும் 5 முதல் 8 கிராம் வரை மட்டுமே இருக்கும். இத்தனை சிறிய உடல் தவறுகளை நெடுநாள் தாங்காது. உணவின் அளவு, உணவுக்கு இடைப்பட்ட காலம், வளர்ப்புப் பெட்டியின் வெப்பநிலை ஆகிய மூன்றில் ஒன்று பிசகினாலும் முதல் சில மாதங்களிலேயே குட்டி உயிரிழக்கக் கூடும்.

பட்டினி கிடந்து இறக்கும் குட்டிகளைப் பற்றியே வளர்ப்போர் பெரிதும் அஞ்சுகின்றனர். ஆனால், விரைவில் பெரிதாக்க வேண்டும் என்ற ஆவலில் அளவுக்கு மீறி உணவளிப்பதும், செரிமானம் முடிவதற்குள் அடுத்த இரையைக் கொடுப்பதும் அதற்கு இணையான தீங்கை விளைவிக்கின்றன. சீரான வளர்ச்சிக்குத் துணைபுரிவது எடைக்கு ஏற்ற அளவும், செரிப்பதற்குப் போதிய அவகாசமுமே ஆகும்.

இயல்பும் வாழிடமும்

ஆங்கிலத்தில் ‘கார்ன் ஸ்னேக்’ என்று அழைக்கப்படும் இப்பாம்பு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைத் தாயகமாகக் கொண்டது. நியூ ஜெர்சி முதல் புளோரிடா வரையிலும், மேற்கே லூசியானா வரையிலும் இது காணப்படுகிறது. சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் கார்ல் லின்னேயஸ் 1766-ஆம் ஆண்டு இதற்கு அறிவியல் பெயர் சூட்டினார். தற்போது இது ‘பான்தெரோஃபிஸ் குட்டாட்டஸ்’ எனப்படுகிறது.

மக்காச்சோளக் கிடங்குகளில் எலிகளைத் தேடி வந்ததால் இப்பெயர் ஏற்பட்டது என்று ஒரு சாராரும், வயிற்றுப்புறத்தில் உள்ள கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் பலநிறச் சோளக் கதிரை ஒத்திருப்பதால் ஏற்பட்டது என்று மற்றொரு சாராரும் கூறுகின்றனர்.

இது நஞ்சற்றது. இரையை உடலால் சுற்றி இறுக்கிக் கொன்று விழுங்கும். சாந்தமான குணமும் மிதமான உடல் அளவும் கொண்டிருப்பதால் உலகின் பல நாடுகளில் செல்லப்பிராணியாக இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. நன்கு பராமரிக்கப்படும் பாம்பு 15 முதல் 20 ஆண்டுகள் வரை உயிர்வாழும். முதிர்ந்த பாம்பு பொதுவாக 90 முதல் 150 சென்டிமீட்டர் நீளம் இருக்கும்.

பெண் பாம்பு ஒரு முறைக்குப் பொதுவாக 10 முதல் 30 முட்டைகள் வரை இடும். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் அவை பொரிகின்றன. தாய்ப்பாம்பு முட்டைகளையோ குட்டிகளையோ பேணுவதில்லை. ஆகவே, பொரிந்த நாளிலிருந்தே குட்டி தன் உணவைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்.

முதல் உணவு எப்போது?

பொரிந்தவுடன் குட்டிக்கு உணவு தேவைப்படுவதில்லை. உடலுக்குள் இழுத்துக்கொள்ளப்பட்ட மஞ்சள் கரு முதல் சில நாட்களுக்கு ஊட்டமளிக்கிறது. ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களில் குட்டி முதன்முறையாகத் தோலுரிக்கும். அதன் பின்னரே முதல் இரையை அளிப்பது வழக்கம்.

விலைக்கு வாங்கி வரப்பட்ட குட்டியாயின், புதிய பெட்டியில் 5 முதல் 7 நாட்கள் வரை அதைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். பயணத்தால் ஏற்பட்ட மிரட்சி தணியாத நிலையில் கொடுக்கப்படும் இரையைப் பல குட்டிகள் ஏற்பதில்லை, ஏற்றாலும் கக்கிவிடுகின்றன. வாங்கும்போதே அக்குட்டி எத்தனை முறை உண்டது, எந்த இரையை உண்டது, கடைசியாக எந்த நாளில் உண்டது ஆகிய விவரங்களைக் கேட்டுப் பெறுவது நல்லது. தானாக முன்வந்து குறைந்தது மூன்று முறையாவது உண்ட குட்டியைத் தேர்வு செய்வது பாதுகாப்பானது.

இரையின் அளவு

வளர்ப்பில் உள்ள சோளப் பாம்புகளுக்குச் சுண்டெலியே முதன்மை உணவு. எலும்பு, ஈரல், தோல் என முழு உடலும் உண்ணப்படுவதால் தனியாகச் சுண்ணாம்புச் சத்தோ வைட்டமினோ பொதுவாகத் தேவைப்படுவதில்லை. இறைச்சித் துண்டுகள், முட்டை, பூச்சிகள் ஆகியவை இதற்கு ஈடாகா.

இரையின் பருமன், பாம்பின் உடலில் மிகவும் தடித்த பகுதியின் பருமனுக்குச் சமமாகவோ அதைவிட ஒன்றரை மடங்குக்கு மிகாமலோ இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. விழுங்கிய பின் வயிற்றுப் பகுதியில் மெல்லிய புடைப்பு தெரிந்தால் அளவு சரியாக உள்ளது எனக் கொள்ளலாம்.

எடையைக் கொண்டு கணக்கிடும் முறை இதைவிடத் துல்லியமானது. வளரும் பாம்புக்கு ஒரு வேளை இரை அதன் உடல் எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இருப்பது போதுமானது. ஆனால், பொரித்த குட்டிக்கு இந்த விகிதம் பொருந்துவதில்லை. பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டி 1.5 முதல் 2 கிராம் வரை இருக்கும். 6 கிராம் எடையுள்ள பாம்புக் குட்டிக்கு அது உடல் எடையில் கால் பங்கு அல்லது அதற்கும் மேல். எலும்பு இறுகாத, மிகவும் மென்மையான இரை என்பதால் குட்டியால் அதைச் செரிக்க முடிகிறது. எனினும், முதல் சில வேளைகளுக்குக் கிடைப்பதிலேயே மிகச் சிறியதைத் தேர்ந்தெடுக்க வேண்டியதன் காரணம் இதுவே.

பொதுவாகப் பின்பற்றப்படும் உணவு அட்டவணை வருமாறு:

* 15 கிராம் வரை: மயிர் முளைக்காத சுண்டெலிக் குட்டி ஒன்று, 5 முதல் 7 நாட்களுக்கு ஒரு முறை.
* 15 முதல் 30 கிராம் வரை: மயிர் முளைக்காத குட்டிகள் இரண்டு, அல்லது மென்மயிர் அரும்பிய சிறு குட்டி ஒன்று; 5 முதல் 7 நாட்களுக்கு ஒரு முறை.
* 30 முதல் 50 கிராம் வரை: மென்மயிர் அரும்பிய குட்டி ஒன்று; 7 நாட்களுக்கு ஒரு முறை.
* 50 முதல் 100 கிராம் வரை: கண் திறந்து ஓடத் தொடங்கிய இளம் சுண்டெலி ஒன்று; 7 நாட்களுக்கு ஒரு முறை.
* 100 கிராமுக்கு மேல்: பால் மறந்த சுண்டெலி, பின்னர் சிறிய வளர்ந்த சுண்டெலி, 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை.
* முழு வளர்ச்சி அடைந்த பாம்பு: வளர்ந்த சுண்டெலி ஒன்று, 10 முதல் 14 நாட்களுக்கு ஒரு முறை.

இவை வழிகாட்டும் அளவுகளே. ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்த குட்டிகளும் வெவ்வேறு வேகத்தில் வளர்கின்றன. அதேசமயம், மயிர் முளைக்காத குட்டிகளையே மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருப்பதும் சரியன்று. அவற்றின் எலும்பு முழுமையாக உருவாகாததால் சுண்ணாம்புச் சத்து குறைவாகவே கிடைக்கும். பாம்பு பெருக்கப் பெருக்க இரையின் பருவத்தையும் உயர்த்த வேண்டும்.

பெரிய இரையை விழுங்கும்போது பாம்பின் தாடை கழன்றுவிடுகிறது என்று பலர் நம்புகின்றனர். இது உண்மையன்று. கீழ்த்தாடையின் இரு பாதிகளும் முன்புறத்தில் எலும்பால் இணையாமல் நெகிழும் இழையால் இணைந்திருப்பதால் அவை விலகி விரிகின்றன. வாய் விரிகிறது என்பதற்காக வயிறும் அந்த அளவைத் தாங்கும் என்று கருதக் கூடாது.

உறைய வைத்த இரையே பாதுகாப்பு

உயிருள்ள வளர்ந்த எலியைப் பெட்டிக்குள் விடுவது பாம்புக்கு ஆபத்தானது. எலி கடித்ததால் கண், வாய், முதுகுப் பகுதிகளில் ஆழ்ந்த காயமடையும் பாம்புகள் உண்டு. எனவே, முறைப்படி கொன்று உறைய வைக்கப்பட்ட இரையையே கால்நடை மருத்துவர்கள் பரிந்துரைக்கின்றனர்.

உறைந்த இரையை முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உறைநிலை நீக்க வேண்டும். பின்னர் நெகிழிப் பையில் இட்டு, கை பொறுக்கும் சூடுள்ள நீரில் சிறிது நேரம் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும். நுண்ணலை அடுப்பில் சூடாக்கக் கூடாது. உள்ளே ஒரு பகுதி வெந்தும் மறு பகுதி உறைந்தும் இருக்கும். வயிறு வெடிக்கவும் கூடும். உள்பகுதி உறைந்த நிலையில் விழுங்கப்படும் இரை பெரும்பாலும் கக்கப்படுகிறது.

நீண்ட இடுக்கியால் இரையைப் பிடித்துக் கொடுத்தால் விரலை இரை என எண்ணிப் பாம்பு கடிப்பதைத் தவிர்க்கலாம். பெட்டியின் அடிவிரிப்பாக மரத்தூள் போன்றவை இருந்தால், அவை இரையோடு வாய்க்குள் செல்லாதபடி காகிதத்தின் மேல் வைத்துக் கொடுக்கலாம். ஏற்கப்படாத இரையை மறுநாள் அகற்றிவிட வேண்டும். அதை மீண்டும் உறைய வைத்துப் பயன்படுத்தக் கூடாது.

குட்டிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் வைப்பது இன்றியமையாதது. ஒரே இரையை இரு குட்டிகள் இரு முனைகளில் கவ்வினால் ஒன்று மற்றொன்றையே விழுங்கிவிடும் அபாயம் உள்ளது.

வெப்பமின்றிச் செரிமானமில்லை

பாம்பு தன் உடல் வெப்பத்தைச் சுற்றுப்புறத்திலிருந்தே பெறுகிறது. குளிர்ந்த உடலில் செரிமான நீர்கள் செயல்படுவது தளர்ந்துவிடும். செரிக்காத இரை வயிற்றுக்குள்ளேயே அழுகத் தொடங்கும். குட்டி உண்ண மறுத்தாலோ உண்டதைக் கக்கினாலோ முதலில் சோதிக்க வேண்டியது பெட்டியின் வெப்பநிலையைத்தான்.

பெட்டியின் ஒரு முனை 29 முதல் 31 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலும், மறு முனை 22 முதல் 24 டிகிரி வரையிலும் இருக்க வேண்டும். இரு முனைகளிலும் பாம்பு முழுமையாக ஒளிந்துகொள்ளத்தக்க மறைவிடம் தேவை. மறைவிடம் ஒரு முனையில் மட்டும் இருந்தால், பாதுகாப்புக்காக வெப்பத்தைத் துறக்கவோ, வெப்பத்துக்காகப் பாதுகாப்பைத் துறக்கவோ குட்டி தள்ளப்படும்.

வெப்பமூட்டும் கருவி எதுவாயினும் தெர்மோஸ்டாட் மூலம் கட்டுப்படுத்தப்பட வேண்டும். கட்டுப்பாடற்ற வெப்பப் பலகை வயிற்றுப்புறத்தைச் சுட்டுவிடும். உணவுண்ட பின் குறைந்தது 48 மணி நேரத்துக்குப் பாம்பைக் கையில் எடுக்கக் கூடாது. தூய நீர் எப்போதும் கிண்ணத்தில் இருக்க வேண்டும்.

உண்ண மறுக்கும் குட்டிகள்

அமெரிக்கக் காடுகளில் பிறக்கும் குட்டிகளின் முதல் இரை பெரும்பாலும் சிறு பல்லிகளும் மரத்தவளைகளுமே. சுண்டெலியின் மணம் சில குட்டிகளுக்கு இரையாகவே தோன்றுவதில்லை. மேலும், இயற்கையில் முட்டைகள் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் பொரிகின்றன. அடுத்த சில வாரங்களில் குளிர்காலம் தொடங்கிவிடுவதால், பகல் குறையக் குறைய உணவைத் தவிர்க்கும் இயல்பு அவற்றில் பதிந்துள்ளது. வளர்ப்புப் பெட்டியில் வெப்பத்தையும், நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேர வெளிச்சத்தையும் ஒரே சீராக வைத்திருப்பது இதைப் பெருமளவு தவிர்க்க உதவும்.

மறுக்கும் குட்டிக்கு எளிய வழிகளிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாகவே முயல வேண்டும். மாலை மங்கிய நேரத்தில் வெதுவெதுப்பான இரையை வைத்துவிட்டு, இரவு முழுவதும் பெட்டியைத் தொடாமல் விடுவது முதல் வழி. காற்றோட்டத் துளைகள் கொண்ட சிறிய, இருண்ட கொள்கலத்தில் குட்டியையும் இரையையும் சில மணி நேரம் ஒன்றாக வைப்பது இரண்டாவது வழி. மணமற்ற சோப்பால் இரையைக் கழுவி நன்கு அலசிக் கொடுப்பதும், இரையின் தலையைச் சிறிது கீறி மூளைப் பகுதியின் மணம் வெளிப்படச் செய்வதும் பல குட்டிகளிடம் பலனளித்துள்ளன. பல்லி இனத்தின் மணத்தை இரையின் மேல் ஏற்றும் முறையும் வளர்ப்பாளர்களிடையே வழக்கில் உள்ளது.

ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே 4 முதல் 5 நாட்கள் இடைவெளி தேவை. நாள்தோறும் இரையை நீட்டுவதும், கையில் எடுத்துப் பார்ப்பதும் குட்டியை மேலும் ஒடுங்கச் செய்யும். வாயைத் திறந்து வலுக்கட்டாயமாக இரையைத் திணிப்பது கடைசி வழி. அனுபவமற்றவர் செய்தால் தாடையும் உணவுக்குழலும் சிதையக் கூடும் என்பதால் அதை ஊர்வன மருத்துவத்தில் பயிற்சி பெற்றவரிடமே விட்டுவிட வேண்டும்.

கண்கள் நீலம் பூத்து மங்கியிருக்கும் தோலுரிப்புக் காலத்தில் உணவை மறுப்பது இயல்பு. இது நோயன்று. தோல் முழுமையாக உரிந்த பின் குட்டி பெரும்பாலும் தானாகவே உண்ணும்.

உண்டதைக் கக்கினால்

உணவு மறுப்பைவிடக் கடுமையான அறிகுறி உண்டதைக் கக்குவதாகும். இரையோடு செரிமான நீரும் உப்புச் சத்துக்களும் வெளியேறுவதால் உணவுக்குழல் புண்ணாகி, உடலின் நீர்ச்சத்து குறைகிறது. பசியோடு இருக்குமே என்ற இரக்கத்தில் உடனே மற்றொரு இரையைக் கொடுப்பதுதான் இந்நிலையில் நேரும் மிகப் பெரிய பிழை. ஆறாத வயிற்றுக்குள் செல்லும் இரை மீண்டும் கக்கப்படும். இரண்டு, மூன்று முறை இவ்வாறு நேர்ந்தால் குட்டி பிழைப்பது அரிது.

கக்கிய குட்டிக்கு 10 முதல் 14 நாட்கள் வரை உணவு கொடுக்கக் கூடாது. நீர் மட்டும் கிடைக்க வேண்டும். பெட்டியைத் தூய்மைப்படுத்தி, வெப்பநிலையை அளந்து சரிசெய்ய வேண்டும். அதன் பிறகு, வழக்கமான அளவில் பாதியே உள்ள இரையைக் கொடுக்க வேண்டும். அது செரித்து எச்சம் வெளிவந்த பின்னரே அடுத்த வேளை. பழைய அளவுக்குப் படிப்படியாகவே திரும்ப வேண்டும்.

மீண்டும் கக்கினால் எச்ச மாதிரியுடன் மருத்துவரை அணுக வேண்டும். ‘கிரிப்டோஸ்போரிடியம்’ எனும் ஒட்டுண்ணி வயிற்றுச் சுவரைத் தடிக்கச் செய்து தொடர் கக்கலையும் உடல் மெலிவையும் உண்டாக்குகிறது. இது ஒரு பாம்பிலிருந்து மற்றொன்றுக்குப் பரவக்கூடியது என்பதால் நோயுற்ற பாம்பைத் தனிமைப்படுத்த வேண்டும்.

மிகை உணவின் விளைவு

சோளப் பாம்பு வயிறு நிறைந்ததும் நிறுத்திக்கொள்ளும் விலங்கன்று. இயற்கையில் அடுத்த இரை எப்போது கிடைக்கும் என்பது உறுதியில்லாததால், கிடைத்தபோது உண்பதே அதன் இயல்பு. ஆகவே, இரையைக் கண்டு பாய்வதைப் பசியின் அடையாளமாக மட்டும் கொள்ளக் கூடாது.

விற்பனைக்கோ இனப்பெருக்கத்துக்கோ விரைந்து தயாராக்கும் நோக்கில் சிலர் குறுகிய இடைவெளியில் மிகுதியாக உணவளிக்கின்றனர். இவ்வாறு வளர்க்கப்படும் பாம்பின் உடலிலும் ஈரலிலும் கொழுப்பு படிகிறது. வால் தொடங்கும் இடத்தில் திரட்சி தோன்றுவதும், அசையாத நிலையிலும் செதில்களுக்கிடையே தோல் தெரிவதும் மிகை எடையின் அடையாளங்கள். முதுகெலும்பு கூர்மையாகப் புடைத்திருப்பதும் பக்கவாட்டுத் தோல் மடிந்து தொங்குவதும் மெலிவின் அடையாளங்கள். நலமான பாம்பின் உடல் மேற்புறம் உருண்டும் அடிப்புறம் தட்டையாகவும், தொட்டால் உறுதியாகவும் இருக்கும்.

எடைப் பதிவேடு

ஒரு கிராம் அளவு வரை காட்டும் சமையலறை மின்னணுத் தராசும் ஒரு குறிப்பேடும் இருந்தாலே வளர்ச்சியைக் கண்காணிக்கப் போதும். வாரந்தோறும் உணவு கொடுப்பதற்கு முன் குட்டியைச் சிறு டப்பாவில் இட்டு நிறுக்க வேண்டும். எடை, உணவளித்த நாள், இரையின் எடை, எச்சமிட்ட நாள், தோலுரித்த நாள் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும்.

இரு வாரங்களின் எடையை மட்டும் ஒப்பிட்டு அஞ்ச வேண்டியதில்லை. எச்சமிட்ட மறுநாள் எடை குறைவது இயல்பு. ஒரு மாதப் போக்கு ஏறுமுகமாக உள்ளதா என்பதே முக்கியம். தொடர்ந்து உணவை மறுத்து, எடையும் 10 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் மருத்துவரை அணுகுவதில் தாமதம் கூடாது.

வளரும் குட்டிகள் ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்களுக்கு ஒரு முறை தோலுரிக்கின்றன. தோல் தலை முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக உரிந்தால் நீர்ச்சத்தும் ஈரப்பதமும் போதுமானவை என அறியலாம். துண்டு துண்டாக உரிந்தால் ஈரமான பாசி வைத்த மறைவிடம் ஒன்றைச் சேர்க்க வேண்டும்.

மனிதருக்கான முன்னெச்சரிக்கை

நலமாகத் தோன்றும் ஊர்வனவும் ‘சால்மொனெல்லா’ கிருமியைச் சுமந்திருக்கக் கூடும். பாம்பையோ உறைந்த எலியையோ தொட்ட பின் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும். இரையை உணவுப் பொருட்களிலிருந்து விலக்கி, மூடிய பெட்டியில் வைக்க வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும் பாம்பைக் கையாளாமல் இருப்பது நல்லது.

இந்தியாவில் கவனிக்க வேண்டியவை

சோளப் பாம்பு இந்தியாவில் இயற்கையாக வாழும் இனமன்று. தோற்றத்தில் ஒத்திருக்கிறது என்பதற்காக உள்நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். வெளிநாட்டு உயிரினங்களை உரிய இறக்குமதி உரிமமும் கால்நடைத் தனிமைப்படுத்தல் அனுமதியும் இன்றிக் கொண்டுவருவதும் சட்டவிரோதம்.

2023-ஆம் ஆண்டு ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கிலிருந்து வந்த உரிமை கோரப்படாத பைகளைச் சுங்கத்துறையினர் சோதனையிட்டபோது, 45 பந்து மலைப்பாம்புகள் உள்ளிட்ட உயிரினங்களுடன் 8 சோளப் பாம்புகளும் இருந்தன. பயணப் பைகளில் அடைக்கப்பட்டுக் கடத்தப்படும் பாம்புகள் நீரும் தகுந்த வெப்பமும் இன்றி நலிகின்றன. அத்தகைய குட்டி எப்போது உண்டது என்ற பதிவும் வாங்குவோருக்குக் கிடைப்பதில்லை. ஆவணங்களைக் கேட்டுப் பெறுவது சட்டத்தைக் கடைப்பிடிக்க மட்டுமன்றி, குட்டியின் உடல்நிலையை அறியவும் உதவுகிறது.

வளர்க்க இயலாத நிலையில் பாம்பை வெளியே விட்டுவிடவும் கூடாது. கரீபியன் தீவுகள் சிலவற்றில் சோளப் பாம்புகள் அயல் இனமாக நிலைபெற்றுவிட்டன. இந்தியாவில் இத்தகைய சூழலில் வனத்துறையை அணுகுவதே முறையாகும்.

உரிய அளவில் உணவும் சீரான வெப்பமும் பெறும் சோளப் பாம்பு ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முழு வளர்ச்சியை நெருங்குகிறது. அதை ஒன்றரை ஆண்டாகச் சுருக்குவதால் வளர்ப்பவருக்குக் காலம் மிஞ்சலாம். பாம்பின் ஆயுளில் அதற்குரிய விலை பிடித்தம் செய்யப்படுகிறது.